அழுகையைக் கேட்டவர்

குட்டீஸ்! பெரியவர்கள் ஆனதும் என்ன வேலைக்குப் போவீர்கள் என்று கேட்டால், உங்களில் பாதிப் பேர் டாக்டர் என்றுதான் சொல்வீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்து கொடுப்பவர் என்று பலர் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். ஆனால், ஊசி போடாமல், மருந்து கொடுக்காமல், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தையின் பயத்தையும் கவலையையும் மட்டும் கவனித்துக்கொள்ளும் ஒரு வேலை இருக்கிறது. அது தெரியுமா உங்களுக்கு?

உடம்புக்கு வைத்தியம் செய்தால் மட்டும் போதாது, குழந்தையின் மனதையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய பெரிய டாக்டர்களுக்கே புரியவைத்த ஒருவரின் கதைதான் இது. அவர் டாக்டர் இல்லை. ஒரு காலத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர்! பெயர் ஜேம்ஸ் ராபர்ட்சன்.

ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ரூதர்க்ளென் என்ற ஊரில் 1911-ம் ஆண்டு பிறந்தார் ஜேம்ஸ். தொழிலாளர் குடும்பம். 14 வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். ஆனாலும், படிக்கும் ஆசை மட்டும் அவரை விடவில்லை. தொழிலாளர்களுக்கான வகுப்புகளில் சேர்ந்து படித்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மனிதனை மனிதன் கொல்வது தவறு என்று நம்பியவர் ஜேம்ஸ். அதனால் ஆயுதம் ஏந்த மறுத்தார். அதற்குப் பதிலாக, குண்டு வீச்சால் பாதிக்கப்பட்ட லண்டன் மக்களுக்கு உதவி செய்யப் போனார்.

அப்போது லண்டனில் ஹேம்ப்ஸ்டட் என்ற பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகம் நடந்துகொண்டிருந்தது. போரால் வீட்டை இழந்த, பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள் அங்கே தங்கியிருந்தார்கள். அதை நடத்தியவர் அன்னா ஃபிராய்ட். மனநல ஆய்வில் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அவர். ஜேம்ஸின் மனைவி ஜாய்ஸ் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தார். ஜேம்ஸுக்குக் கிடைத்தது கொதிகலனைக் கவனிப்பதும், உடைந்ததைப் பழுது பார்ப்பதும்!

அந்தக் காப்பகத்தில் ஒரு விதி இருந்தது. யாராக இருந்தாலும், என்ன வேலை செய்தாலும், குழந்தைகள் செய்வதைக் கவனித்து அட்டையில் எழுதித் தர வேண்டும். கொதிகலன்காரருக்கும் அதே விதிதான். ஜேம்ஸ் எழுதினார். இந்தக் குழந்தை எப்போது அழுகிறது? யார் வந்தால் சிரிக்கிறது? எந்தப் பொம்மையை விடாமல் பிடித்திருக்கிறது? நான் நினைப்பதை எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் அவருக்கு வந்தது. அந்தப் பழக்கம்தான் பிறகு அவரைப் பெரிய மனிதராக்கியது.

போர் முடிந்தது. ஜேம்ஸ் சமூகப் பணியாளர் பயிற்சி பெற்றார். 1948-ம் ஆண்டு, லண்டனில் டாவிஸ்டாக் என்ற மனநல மையத்தில் ஜான் பௌல்பி என்ற ஆய்வாளரிடம் சேர்ந்தார். தாயைப் பிரிந்தால் சின்னக் குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதைக் கண்டறிவதுதான் பௌல்பியின் ஆய்வு. ஜேம்ஸை அவர் அனுப்பிய இடம், ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு.

உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அம்மாவோ பாட்டியோ பக்கத்திலேயே இருப்பார்கள் இல்லையா? அந்தக் கால இங்கிலாந்தில் அப்படி இல்லை குட்டீஸ்! குழந்தையை வார்டில் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். 1949-ம் ஆண்டு நிலவரத்தைக் கேளுங்கள். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில், ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி முதல் 4 மணி வரை மட்டும்தான் பிள்ளையைப் பார்க்கலாம். செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதல் மாதம் முழுவதும் பார்க்கவே முடியாது. மாலை 7 மணிக்கு மேல், தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். சில ஆஸ்பத்திரிகளில் பெற்றோருக்கு அனுமதியே கிடையாது!

டாக்டர்களும் நர்சுகளும் கெட்டவர்களா? இல்லவே இல்லை. இரவு பகலாகப் பாடுபட்டுக் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். வெளியாட்கள் வந்தால் நோய்க்கிருமியும் கூடவே வரும் என்று பயந்தார்கள். அம்மா வந்துவிட்டுப் போனால் பிள்ளை ஓவென்று அழும், வராமல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் அமைதியாகிவிடும் என்றும் சொன்னார்கள். அழாத குழந்தை, வார்டுக்குப் பழகிவிட்ட குழந்தை என்பது அவர்கள் கணக்கு.

ஜேம்ஸ் வார்டில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கவனித்தார். அவர் கண்ட கணக்கு வேறாக இருந்தது.

முதலில் குழந்தை அழுகிறது, கத்துகிறது, கட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டுகிறது. அம்மா வருவாள் என்று வாசலையே பார்க்கிறது. சில நாள் கழித்து அழுகை குறைகிறது. விளையாடாமல், எதிலும் ஆசை இல்லாமல் சுருண்டு படுத்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து எல்லாரிடமும் சிரிக்கிறது. பார்ப்பவர்களுக்குச் சந்தோஷம். ஆனால், அம்மா வரும்போது அவளை யாரோ போலப் பார்க்கிறது! ஆக, அந்த அமைதி குணமானதால் வந்தது அல்ல. அம்மா வரமாட்டாள் என்று நம்பிக்கை விட்டுப்போனதால் வந்தது. இதைத்தான் ஜேம்ஸ் கண்டுபிடித்தார்.

டாக்டர்களிடம் சொன்னார். யாரும் நம்பவில்லை. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்த்தால்? ஜேம்ஸ் சினிமா கேமரா ஒன்றை வாங்கினார். அதற்கு முன் அவர் சினிமா எடுத்ததே இல்லை!

சிறிய அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கவிருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் எடுத்தார். அழுகிற நேரத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டான் என்று நாளை யாரும் சொல்லக் கூடாது அல்லவா? அதனால், தினமும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் எடுத்தார். அந்த நேரத்தில் குழந்தை சிரித்தால் சிரிப்பு, அழுதால் அழுகை. வார்டுக் கடிகாரமும் படத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டார்.

அந்தச் சிறுமி அதிகம் அழவே இல்லை குட்டீஸ். வீட்டிலிருந்து கொண்டுவந்த கரடிப் பொம்மையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவ்வப்போது மெல்லிய குரலில் அம்மா எங்கே என்று கேட்டாள். அழுகை வரும்போது முகத்தை இறுக்கி அடக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் நாளில் தன் சாமான்களை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு நடந்தாள். அம்மா கை நீட்டியபோது, அந்தக் கையைப் பிடிக்க மறுத்துவிட்டாள்!

1952-ம் ஆண்டு நவம்பர் மாதம், லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்தில் இந்தப் படம் திரையிடப்பட்டது. கூட்டத்தில் பலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் தொழிலையே அவமதித்துவிட்டார், இந்த ஒரு குழந்தையை வைத்து எல்லாக் குழந்தைகளையும் எடைபோடுவதா என்று எழுந்து நின்று திட்டினார்கள்.

அப்படிக் கோபப்பட்டவர்களில் டெர்மாட் மெக்கார்த்தி என்ற குழந்தைகள் நல மருத்துவரும் ஒருவர். ஆனால், அவர் தன்னுடைய வார்டுக்குத் திரும்பிப் போனதும் ஒரு விஷயம் நடந்தது. இத்தனை வருடமாகக் காதில் விழுந்தும் கேட்காமல் இருந்த குழந்தைகளின் அழுகை, அன்று முதல் அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. தன் கட்டுப்பாட்டில் இருந்த வார்டில், பிள்ளைகளோடு தாய்மார்களையும் தங்க அனுமதித்தார். 1958-ல் ஜேம்ஸ் இரண்டாவது படத்தை எடுத்தது அந்த மருத்துவர் பணியாற்றிய ஆஸ்பத்திரியில்தான். தாயும் கூடவே தங்கிய ஒரு குழந்தையின் கதை அது. திட்டியவரே தோழராகிவிட்டார், பார்த்தீர்களா!

பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவை அமைத்தது. ஹாரி பிளாட் என்ற எலும்பு முறிவு அறுவை நிபுணர் அதன் தலைவர். ஜேம்ஸ் தன் ஆதாரங்களை அந்தக் குழுவிடம் கொடுத்தார். 1959-ல் அறிக்கை வெளிவந்தது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு தாய் தங்க வசதி வேண்டும். வார்டில் விளையாட்டும் படிப்பும் இருக்க வேண்டும் என்று அது பரிந்துரை செய்தது.

பரிந்துரை வந்துவிட்டால் போதுமா? பல ஆஸ்பத்திரிகள் அசையவில்லை. ஜேம்ஸும் சும்மா இருக்கவில்லை. 1961-ல் செய்தித்தாளில் கட்டுரைகள் எழுதினார். தொலைக்காட்சியில் தன் படத்தின் பகுதிகளைக் காட்டினார். அதைப் பார்த்த லண்டன் தாய்மார்கள் சிலர் சங்கம் அமைத்துப் போராடத் தொடங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்கில், வார்டுக் கதவுகள் திறந்தன.

கடல் தாண்டி அமெரிக்காவிலும் இதே காலத்தில் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வியன்னாவில் ஆசிரியையாக இருந்து அமெரிக்காவில் குடியேறிய எம்மா பிளாங்க், 1955-ல் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் மனநலத்துக்கும் விளையாட்டுக்கும் படிப்புக்கும் தனிப் பிரிவு தொடங்கினார். அதற்கு அவரை அழைத்தவர், போலியோ கிருமி ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஃபிரடெரிக் ராபின்ஸ்.

இப்படி வளர்ந்ததுதான் முதலில் சொன்ன அந்த வேலை. அமெரிக்காவில் சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட் என்றும், இங்கிலாந்தில் ப்ளே ஸ்பெஷலிஸ்ட் என்றும் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு பொம்மைக்கு மாஸ்க் மாட்டிக் காட்டுவார்கள். ஊசி போடும்போது சோப்புக் குமிழி ஊதச் சொல்வார்கள். வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் வலிக்கும், நான் கூடவே இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்வார்கள். உண்மை தெரிந்த குழந்தைக்குத்தான் நம்பிக்கை வரும்.

ஜேம்ஸும் ஜாய்ஸும் பிறகும் குழந்தைகளைப் பற்றிப் படங்கள் எடுத்தார்கள், எழுதினார்கள். 1988-ம் ஆண்டு ஜேம்ஸ் காலமானார். பட்டம் பெற்ற டாக்டர்கள் கவனிக்காததை, அட்டையும் பென்சிலுமாகக் கவனிக்கப் பழகியவர் கண்டுபிடித்தார்.

குட்டீஸ், இந்த வேலைக்குப் போக உங்களில் யாருக்காவது ஆசை வந்திருக்கிறதா? அப்படியானால் பயிற்சியை இன்றே தொடங்கலாம். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள தம்பிப் பாப்பாவையோ தங்கச்சிப் பாப்பாவையோ தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் கவனியுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள், அது எதற்காக அழுகிறது என்பது உங்களுக்கே புரிய ஆரம்பிக்கும். நாளை ஒரு வார்டில் வேலைக்குச் சேர்ந்தால், சத்தம் போட்டு அழும் குழந்தையிடம் எல்லாரும் ஓடுவார்கள். நீங்கள், அழாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் குழந்தையிடமும் போய் உட்காருங்கள். சரியா?