டி.எஸ்.பாலையா: பேயே வராத பேய்க்கதையில் பயந்து காட்டிய நடிகர் யார்?

நாகேஷ் கதை சொல்லிக்கிட்டிருப்பார். பக்கத்துல ஒரு பெரியவர் மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பார். இந்த மீம் உங்க வாட்ஸ்அப்புக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும். நாகேஷை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெரியவர் பேரைக் கேட்டா பாதிப் பேர் யோசிப்பாங்க. எங்க டெஸ்க்லயே போன வாரம் அதுதான் நடந்துச்சு. கேட்டவர் தீவிர ஹாரர் பட ரசிகர், மெட்டல் இசை வெறியர். போரிஸ் கார்லாஃப் நடிச்ச படங்களை வரிசையா சொல்லுவார். 1963-ல் கார்லாஃப் நடிச்சு வெளிவந்த 'பிளாக் சாபத்' படத்தோட பேரைத்தான் அந்த பிரிட்டிஷ் மெட்டல் இசைக்குழு தனக்கு வச்சுக்கிச்சுன்னு எனக்குச் சொன்னதும் அவர்தான். அவருக்குப் பாலையாவைத் தெரியல. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கே பிறந்தார்?

எனக்குச் சொந்த ஊர் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, மணிமண்டபம், உமறுப்புலவர் தர்கா, முத்துசாமி தீட்சிதர் நினைவிடம்னு வர்றவங்களுக்குக் காட்ட எங்க ஊர்ல நிறைய இருக்கு. ஆனா, பாலையா எங்க மாவட்டத்துக்காரர் என்பது காலேஜ்ல தமிழ் படிக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சது. தூத்துக்குடி மாவட்டம் சுண்டங்கோட்டையில் 1914 ஆகஸ்ட் 23-ம் தேதி பிறந்தார். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான். அதனால் அவர் இனிஷியலில் இருக்கும் 'டி' திருநெல்வேலி. 'எஸ்' சுப்பிரமணியம்.

சின்ன வயசிலேயே நாடகம், அங்கிருந்து சினிமா. அந்தத் தலைமுறை நடிகர்கள் பெரும்பாலும் வந்த வழிதான் இது.

எம்.ஜி.ஆருக்கு முதல் படம், இவருக்கும்!

1936-ல் வந்த 'சதிலீலாவதி'. தமிழ் தெரியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கியது. எம்.கே.ராதா ஹீரோ. எம்.ஜி.ஆர் அறிமுகமானதும் இதில்தான், சின்ன போலீஸ் வேடம். ஹீரோவைக் குடிக்கப் பழக்கிக் கெடுக்கும் வில்லன் ராமநாதன் வேடம் பாலையாவுக்கு. அதாவது, பின்னாளில் தமிழ்நாட்டையே ஆண்டவரைவிட அந்தப் படத்தில் இவருக்குத்தான் பெரிய ரோல். அடுத்த வருஷமே தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி'யில் மறுபடி வில்லன்.

வில்லன்னா பி.எஸ்.வீரப்பாவுக்குச் சிரிப்பு, நம்பியாருக்குக் கையைப் பிசையிறது. பாலையாவுக்கு அப்படி ஒரு அடையாளம் கிடையாது. நண்பன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, குரலை இறக்கிப் பேசி, ஆளைக் கவிழ்ப்பார். என்னைக் கேட்டால் இந்த மூணு பேரில் அதிகம் பயப்பட வேண்டியது இவரிடம்தான். வீரப்பா வந்தாலே உஷாராயிடலாம், இவர் கெடுதல் செய்யப்போறார்னு தெரியவே நேரமாகும்.

அந்தப் பேய்க்கதை

1964 பிப்ரவரியில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. பாலையா எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். மகன் செல்லப்பா, அதாவது நாகேஷ், 'ஓஹோ புரொடக்சன்ஸ்' ஆரம்பிச்சுப் படம் எடுக்கணும்னு அலையிறவர். அப்பாவிடம் கதை சொல்ல உட்காருவார்.

அங்க என்ன இருக்கு? பேய் இல்லை, இருட்டு மாளிகை இல்லை. சத்தம்கூட நாகேஷ் வாயால் போடுறதுதான். பயம் எங்கிருந்து வருது? கேட்கிற முகத்திலிருந்து. முதலில் சலிப்பு, கொஞ்ச நேரத்தில் ஆர்வம், பிறகு கண்ணில் ஒரு சின்ன நடுக்கம். கடைசியில், மகன் பைத்தியக்காரத்தனமா உளறுறான்னு நினைச்ச அதே மனுஷன் கேட்கவும் முடியாம, எழுந்து போகவும் முடியாம மாட்டிக்கிட்டிருப்பார். பாராட்டெல்லாம் நாகேஷுக்குப் போயிடுது. நியாயம்தான், அவர் பண்றது அசுரத்தனம். ஆனா எதிரில் ஒரு சாதாரண நடிகரை உட்கார வச்சிருந்தா அது வெறும் மிமிக்ரியா முடிஞ்சிருக்கும்.

இன்னொரு சுவாரஸ்யம்: இந்தப் படத்துக்கு கேமரா ஏ.வின்சென்ட். முந்தைய வருஷம் ஸ்ரீதரின் மறுஜென்மக் கதையான 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் திகிலூட்டியதும் இதே கேமராதான். அதே 1964-ல் வின்சென்ட், வைக்கம் முகமது பஷீர் எழுதிய 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் பேய்ப்படத்தை இயக்கினார். நிஜப் பேய்ப்படம் எடுக்கத் தெரிஞ்ச ஆள்தான் இங்கே பாலையா முகத்தின் மேல் கேமராவை வச்சிருக்கார்.

1966-ல் இந்தியில் 'பியார் கியே ஜா' எடுத்தபோது நாகேஷ் வேடத்தில் மெஹ்மூத், பாலையா வேடத்தில் ஓம் பிரகாஷ். அவங்களும் பெரிய கைகள்தான். நான் ரெண்டையும் பார்த்தேன். என் ஓட்டு தமிழுக்கே. (ஊர்ப்பாசம் கொஞ்சம் இருக்கலாம்!)

ஹேமநாத பாகவதர்

அடுத்த வருஷம், 1965-ல் 'திருவிளையாடல்'. பாண்டியன் சபைக்கு வந்து, பாட எதிராளி உண்டான்னு சவால் விடும் வித்வான். பாட்டுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. உடம்பு பூரா பாலையா. ஒரு பெரிய பாடகர் எப்படி உட்காருவார், எங்கே கையை வீசுவார், சிஷ்யர்களை எப்படிப் பார்ப்பார்னு ஒவ்வொன்றிலும் கர்வம் தெரியும். ராத்திரியில் விறகு விற்கிற ஆள் திண்ணையில் பாடுவதைக் கேட்டு அந்தக் கர்வம் கரையும்போது, மறுபடி கேட்கிற முகம்தான். பேய்க்கதையில் பயத்தைக் கேட்டவர் இங்கே தன் தோல்வியைக் கேட்கிறார். வசனமே தேவைப்படலை.

1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்'. சிக்கல் சண்முகசுந்தரம் குழுவின் தவில்காரர் முத்துராக்கு. நம்ம மெட்டல் நண்பருக்கு இந்தத் தவில் காட்சியைப் போட்டுக் காட்டினேன். டபுள் பேஸ் டிரம்ஸ் பத்தி அரை மணி நேரம் பேசினார்.

இதுபோக 'பாகப்பிரிவினை', 'பாமா விஜயம்', 'ஊட்டி வரை உறவு'ன்னு அண்ணனாகவும் அப்பாவாகவும் நடிச்ச படங்கள் ஏராளம். எல்லாம் எழுதினா டெஸ்க்ல திட்டு விழும்.

எப்போது இறந்தார்?

1972 ஜூலை 22. வயசு 57தான். அந்தப் படங்களில் பார்க்கும்போது எழுபது இருக்கும்னு தோணும். பேய்க்கதை கேட்டப்போ அவருக்கு ஐம்பதுகூட ஆகலை!

மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பேரில் நடிச்சார். 'கரகாட்டக்காரன்' குழுவிலும், 'சாட்டை' படத்தின் தலைமை ஆசிரியராகவும் பார்த்திருப்பீங்க. அவரும் 2023 நவம்பரில் காலமானார்.

நேத்து நைட் ஷிஃப்டில் அந்த 1964 காட்சியை சத்தத்தை மியூட் பண்ணிட்டு ஓட்டினேன். பக்கத்து சீட் நண்பர் ஹெட்போனைக் கழற்றி வச்சுட்டு, என்ன கதை சொல்றாங்கன்னு கேட்டார். திரையில் அப்போ பாலையா முகம் மட்டும்தான் இருந்துச்சு.