ரயன் வைட்

ரயன் வெய்ன் வைட் (டிசம்பர் 6, 1971 – ஏப்ரல் 8, 1990) ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த மாணவர் ஆவார். குருதி உறையாமை நோய்க்கான மருந்தின் வழியாக எச்.ஐ.வி தொற்றுக்கு உள்ளான இவருக்கு, எய்ட்ஸ் நோயாளி என்ற காரணத்தால் 1985 ஆம் ஆண்டு பள்ளிக்கு வர அனுமதி மறுக்கப்பட்டது. இதை எதிர்த்து இவரும் இவரது தாயாரும் நடத்திய சட்டப் போராட்டம், நாடு முழுவதும் எய்ட்ஸ் பற்றிய பொதுமக்களின் பார்வையை மாற்றியது. எச்.ஐ.வி உள்ளோருக்கு மருத்துவ உதவி வழங்கும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

பிறப்பும் குருதி உறையாமை நோயும்

ரயன் வைட் இந்தியானாவின் கொக்கோமோ என்னும் தொழில் நகரில் பிறந்தார். தாய் ஜீன், தந்தை வெய்ன். இவருக்கு ஆண்ட்ரியா என்ற தங்கை உண்டு. பெற்றோர் மணமுறிவு செய்துகொண்ட பின் தாயாரே இருவரையும் வளர்த்தார்.

பிறந்த மூன்றாம் நாளில் இவருக்குக் கடுமையான குருதி உறையாமை நோய் (ஈமோபீலியா) இருப்பது தெரியவந்தது. இது மரபுவழி நோய். குருதி உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி என்னும் புரதம் போதிய அளவு உருவாகாததால், சிறு அடிபட்டாலும் மூட்டுகளிலும் தசைகளிலும் குருதி கசியும். பெரும்பாலும் ஆண்களே பாதிக்கப்படுகின்றனர்.

1970களில் எட்டாம் காரணி, செறிவூட்டிய மருந்தாகக் கிடைக்கத் தொடங்கியது. இதனால் நோயாளிகள் மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே ஊசி மூலம் அதைச் செலுத்திக்கொள்ள முடிந்தது. ஆனால் இம்மருந்து ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் குருதி நீர்மத்தை ஒன்றாகக் கலந்து தயாரிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் மாசடையும். அமெரிக்காவில் குருதி உறையாமை நோய் உடையோரில் ஏறத்தாழ பாதிப்பேர் இவ்வாறே எச்.ஐ.வி தொற்றுக்கு உள்ளாயினர். குருதியில் எச்.ஐ.வி தொற்றைக் கண்டறியும் சோதனைக்கு 1985 மார்ச் மாதத்தில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பின்னரே கொடைக் குருதியைச் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

நோய் கண்டறியப்படல்

1984 டிசம்பரில் நுரையீரல் அழற்சியால் பாதிக்கப்பட்ட ரயனுக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. டிசம்பர் 17 அன்று அவருக்கு எய்ட்ஸ் இருப்பது உறுதியானது. நோய் எதிர்ப்புக்கு இன்றியமையாத டி-உயிரணுக்கள் நலமுள்ள ஒருவரின் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500 முதல் 1,200 வரை இருக்கும். ரயனுக்கு அவை 25 ஆகக் குறைந்திருந்தன. இவர் ஆறு மாதங்களே உயிர்வாழ்வார் என மருத்துவர்கள் கணித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 13. அந்நாளில் எய்ட்ஸ் நோய்க்கு ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. முதல் மருந்தான ஏ.இசட்.டி 1987 ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் பெற்றது.

பள்ளி அனுமதி வழக்கு

சில மாதங்களில் ரயன் ஓரளவு உடல் தேறி, பள்ளிக்குத் திரும்ப விரும்பினார். ஆனால் 1985 சூன் 30 அன்று, அவர் பயின்ற வெஸ்டர்ன் நடுநிலைப் பள்ளியின் மாவட்டக் கண்காணிப்பாளர் அனுமதி மறுத்தார். ரயனைச் சேர்க்கக் கூடாது என வலியுறுத்திய விண்ணப்பத்தில் 117 பெற்றோரும் 50 ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தனர். அவர் வீட்டில் இருந்தபடி தொலைபேசி வழியாகப் பாடங்களைக் கேட்டார்.

எச்.ஐ.வி உடலுறவு, குருதி, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளிலேயே பரவுகிறது என்பது அதற்குள் அறியப்பட்டிருந்தது. நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே பாத்திரங்களைப் பயன்படுத்திய குடும்பத்தினருக்கு அவ்வாறு பழகியதால் தொற்று ஏற்படவில்லை. மாநில நலவாழ்வு ஆணையர் உட்ரோ மையர்ஸ், ரயனால் பிற மாணவர்களுக்கு ஆபத்து இல்லை எனப் பள்ளிக்கு அறிவித்தார். 1985 ஆகத்தில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே கூறியது. எனினும் புதிய நோய் பற்றிய அச்சத்தை இவை அகற்றவில்லை.

நவம்பரில் மாநிலக் கல்வித் துறை ரயனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1986 பெப்ரவரி 21 அன்று அவர் பள்ளிக்குச் சென்றார். அன்று 360 மாணவர்களுள் 151 பேர் வரவில்லை. அன்றே பெற்றோர் சிலர் நீதிமன்றத் தடை பெற்றதால் அவர் மீண்டும் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. ஏப்ரல் 10 அன்று தடை நீக்கப்பட்டு அவர் வகுப்புக்குத் திரும்பினார். பிறரின் அச்சத்தைத் தணிக்க, தனிக் கழிப்பறையையும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் உணவுக் கலங்களையும் பயன்படுத்த அவர் இணங்கியிருந்தார்.

ஊரில் புறக்கணிப்பு நீடித்தது. கடைகளில் காய்கறிகள் மீது அவர் துப்புவதாக வதந்தி பரவியது. தேவாலயத்தில் அவருடன் கைகுலுக்க மறுத்தனர். உணவகங்கள் சில, அவர் உண்ட தட்டுகளை எறிந்துவிட்டன. வீட்டின் சாளரத்தை ஒரு துப்பாக்கிக் குண்டு துளைத்தது. அதன் பின் குடும்பம் ஊரைவிட்டு வெளியேற முடிவு செய்தது.

சிசரோவில் வாழ்க்கை

1987 இல் குடும்பம் அதே மாநிலத்தின் சிசரோ என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ரயன் அங்கு ஹாமில்டன் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அவர் வருவதற்கு முன்பே, நோய் எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்று மாணவர்களுக்கு விளக்கப்பட்டது. மாணவர்கள் அதைத் தம் பெற்றோருக்கு எடுத்துக் கூறினர். ஆகத்து 31 அன்று பள்ளி நிர்வாகிகளும் மாணவர்களும் அவரைக் கைகுலுக்கி வரவேற்றனர். இரு பள்ளிகளும் ஒரே மாநிலத்தில், ஒன்றுக்கொன்று தொலைவில்லாத ஊர்களில் இருந்தவை. முதல் பள்ளியில் ரயன் நுழைய நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இரண்டாவது பள்ளியில் முன்கூட்டியே அளித்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

1988 மார்ச் 3 அன்று, எச்.ஐ.வி பற்றி ஆராய அமைக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையத்தின் முன் ரயன் சான்றளித்தார். அவரது வாழ்க்கையைக் கூறும் தொலைக்காட்சித் திரைப்படம் 1989 சனவரியில் ஒளிபரப்பானது. அதில் அவர் சிறு வேடம் ஒன்றில் நடித்தார்.

ஊடகங்கள் ரயனைக் குற்றமற்ற நோயாளி எனச் சித்தரித்தன. தன்பாலின ஈர்ப்பாளர்களும் போதை ஊசி பயன்படுத்துவோரும் தம் நோய்க்குத் தாமே குற்றவாளிகள் என்ற பொருள் அதில் மறைந்திருந்தது. ரயனும் அவரது தாயாரும் இப்பிரிவினையை ஏற்கவில்லை. நோய் எவ்வழியில் வந்திருந்தாலும் நோயாளிகள் அனைவரும் சமம் என்பதே அவர்களது நிலைப்பாடு.

மறைவு

1990 மார்ச் 29 அன்று மூச்சுக்குழாய்த் தொற்றினால் ரயன் இந்தியானாபொலிசில் உள்ள ரைலி குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏப்ரல் 8 அன்று தமது 18 ஆம் வயதில் காலமானார். மருத்துவர்கள் கணித்த ஆறு மாதங்களுக்கு மாறாக, நோய் கண்டறியப்பட்டபின் ஐந்தாண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்திருந்தார். இறுதிச் சடங்கில் 1,500 பேருக்கு மேல் கலந்துகொண்டனர். பாடகர்கள் எல்டன் ஜான், மைக்கேல் ஜாக்சன், அன்றைய குடியரசுத் தலைவரின் துணைவியார் பார்பரா புஷ் ஆகியோரும் வந்திருந்தனர். சிசரோவில் உள்ள அவரது கல்லறை அடுத்த ஓராண்டுக்குள் நான்கு முறை சேதப்படுத்தப்பட்டது.

ரயன் வைட் சட்டம்

1990 ஆகத்து 18 அன்று குடியரசுத் தலைவர் சார்ச் எச். டபிள்யூ. புஷ், ரயன் வைட் பெயரிலான சட்டத்தில் கையெழுத்திட்டார். காப்பீடு இல்லாத, அல்லது போதிய காப்பீடு இல்லாத எச்.ஐ.வி நோயாளிகளுக்கு வேறு வழியில் உதவி கிடைக்காதபோது மருத்துவமும் மருந்தும் கிடைக்கச் செய்வது இதன் நோக்கம். நோய் எவ்வழியில் வந்தது என்பது உதவிக்கான நிபந்தனை அன்று. இச்சட்டம் 1996, 2000, 2006, 2009 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. இதன் கீழ் இயங்கும் திட்டத்தால் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்பெறுகின்றனர்.

இந்தியானாபொலிசு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் 2007 இல் திறக்கப்பட்ட கண்காட்சி ஒன்றில் ரயனின் படுக்கையறை மீளமைக்கப்பட்டு, அவரது வாழ்க்கை பள்ளிச் சிறுவர்களுக்கு விளக்கப்படுகிறது.