சிறு விமானமும் பெருந்தொண்டும்: ஜே. ஆர். டி. டாட்டாவின் சரித்திரம்

நமது தமிழ்க் காப்பியங்களிலே இருவகை விமானங்கள் பேசப்படுகின்றன. ஒன்று, இராமபிரான் இலங்கையினின்றும் அயோத்திக்கு மீண்ட புஷ்பக விமானம். அதன்கண் எத்துணைப் பேர் ஏறினும் இடம் போதாதென்னும் குறை இல்லை. மற்றொன்று, சீவக சிந்தாமணியிற் கூறப்படும் மயிற்பொறி. சச்சந்தன் என்னும் அரசன் தன் தேவியாகிய விசயையின் பொருட்டு அதனைச் செய்வித்தான். பொறியைத் திருகி அதனை மேலே செலுத்தவும் கீழே இறக்கவும் தேவி கற்றுக்கொண்டாள். பகைவன் சூழ்ந்த நாளிலே, கருவுற்றிருந்த அவ்வம்மை அதிலேறித் தப்பினாள். முன்னது பலருக்குப் பொது. பின்னது ஒருவருக்கே உரியது.

இக்காலத்தும் இவ்விருவகையும் உண்டு. மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கும் பெரு விமானங்கள், காட்டுப்பாக்கத்திலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் நம்மவர்க்குப் புதியன அல்ல. அவை குறித்த நேரத்தில் குறித்த ஊருக்குச் செல்பவை. சீட்டுப் பெற்ற எவரும் ஏறலாம். இரண்டாம் வகையோ, ஒருவர் தமக்கென வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டுமிடத்திற்குச் செலுத்திக்கொள்ளும் சிறு விமானம். இத்தகைய ஊர்தி செல்வச் செருக்கின் அடையாளமேயன்றி, நாட்டிற்கு அதனால் வேறு பயன் உண்டோ என நம்மிற் பலர் ஐயுறுவர். அவ்வையத்திற்கு விடையாக ஒரு பெரியாருடைய வாழ்க்கையையே காட்டலாம். மயிற்பொறியிற் காதல்கொண்டு தொடங்கி, இந்தியாவிற்குப் புஷ்பக விமானமொன்றை ஆக்கித் தந்த ஜே. ஆர். டி. டாட்டா என்பவரே அவர்.

பிறப்பும் இளமையும்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்னும் முழுப்பெயருடைய இவர், 1904ஆம் வருஷம் ஜூலை மாதம் 29ஆம் தேதி பாரிஸ் நகரத்திற் பிறந்தார். தந்தையார் பார்ஸி வகுப்பினர். டாட்டா வியாபார ஸ்தாபனத்தின் பங்காளிகளுள் ஒருவர். தாயார் சூஸான் என்னும் பிரெஞ்சு மாது. பிரான்ஸ் தேசத்தின் வடகடலோரத்தில் ஹார்டலோ என்னும் ஊரில் இக்குடும்பத்தார் கோடைகாலத்தைக் கழிப்பது வழக்கம். 1909ஆம் வருஷத்தில் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்தாற் கடந்து உலகப் புகழெய்திய லூயி பிளேரியோவின் மாளிகையும் அவ்விடத்திலேயே இருந்தது. ஆதலால், கடற்கரை மணலில் விமானங்கள் வந்திறங்குவதைக் காணும் பேறு இச்சிறுவருக்குக் கிடைத்தது. பதினைந்து வயதளவில் ஒருமுறை விமானத்திலேறிப் பறக்கவும் வாய்த்தது. அன்று கொண்ட ஆசை இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் யந்திர சாஸ்திரம் பயிலவேண்டுமென்று அவர் பெரிதும் விரும்பினார். ஆயின் தந்தையாரின் கட்டளைக்கிணங்கி, 1925ஆம் வருஷத்தின் இறுதியில் இந்தியாவிற்கு வந்து, ஊதியமில்லாத தொழில் மாணாக்கராக டாட்டா ஸ்தாபனத்தில் அமர்ந்தார். அடுத்த வருஷமே தந்தையார் காலஞ்சென்றார். இருபத்திரண்டு வயதிற் குடும்ப பாரம் முழுவதும் அவர் தலைமேல் ஏறியது.

முதல் உரிமைப் பத்திரம்

பம்பாயில் விமானப் பயிற்சிச் சங்கம் ஏற்பட்டவுடன் அதிற் சேர்ந்தவர்களுள் இவரும் ஒருவர். நான்கு மணிநேரத்திற்கும் குறைவான பயிற்சிக்குப் பின்னரே, துணையின்றித் தனியே வானில் ஏறினார். 1929ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 10ஆம் தேதி, விமானம் செலுத்தும் உரிமைப் பத்திரம் அவருக்கு வழங்கப்பட்டது. இந்தியாவில் வழங்கப்பெற்ற அத்தகைய பத்திரங்களுள் அதுவே முதலாவது. அதன்மேல் 1 என்னும் எண் பொறிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்திற் பல பட்டங்களும் பதவிகளும் அவரை நாடிவந்தனவேனும், இப்பத்திரத்தையே அவர் மற்றெவற்றினும் மேலாகப் போற்றினார் என்பர்.

பின்னர் ஜிப்ஸி மாத் என்னும் சிறு விமானமொன்றை வாங்கினார். அதனைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். ஒற்றை யந்திரமுடையது, இருவரே அமரத்தக்கது, மேலே கூரையில்லாதது. மழையும் காற்றும் செலுத்துவோர் முகத்திலேயே அறையும். தரையோடு பேசுதற்குரிய வானொலிக் கருவி இல்லை. கீழே தோன்றும் ஆற்றையும் இருப்புப்பாதையையும் அடையாளமாகக் கொண்டே வழிகாண வேண்டும். இத்தகைய ஊர்தியிற் செல்பவனுக்குத் தன் யந்திரத்தின் ஒவ்வோர் ஆணியும் தெரிந்திருத்தல் வேண்டும். ஒரு சிறு கவனக்குறைவும் உயிருக்கே கேடாகும். டாட்டா கற்ற முதற்பாடம் இதுவே.

போட்டியும் பெருந்தன்மையும்

இங்கிலாந்திற்கும் இந்தியாவிற்குமிடையே தனியாக விமானம் செலுத்திவரும் முதல் இந்தியருக்கு ஐந்நூறு பவுன் பரிசளிப்பதாக ஆகாகான் அறிவித்திருந்தார். 1930ஆம் வருஷத்தில் மூவர் அதற்கு முயன்றனர். மன்மோகன் சிங் ஒருவர், பதினெட்டு வயதும் நிரம்பாத ஆஸ்பி எஞ்சினியர் மற்றொருவர், டாட்டா மூன்றாமவர். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார். ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தார். எகிப்து தேசத்து அபூகீர் என்னுமிடத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பி தம் யந்திரத்திற்கு மாற்றுத் தீப்பொறிக் குமிழ், அஃதாவது ஸ்பார்க் பிளக், இல்லாமல் மேலே செல்ல வகையறியாது நின்றார். டாட்டா தம்மிடம் கூடுதலாக இருந்தவற்றைச் சிறிதும் தயங்காது எடுத்துக்கொடுத்தார். ஆஸ்பி அதற்கு நன்றியாகத் தம் மிதவைச் சட்டையை அவருக்கு அளித்தார். ஆஸ்பியே முந்திச் சேர்ந்து பரிசு பெற்றார். அவ்விளைஞர் பிற்காலத்தில் இந்திய விமானப் படைக்குத் தலைவராக விளங்கினார்.

பரிசை இழந்ததற்காக டாட்டா வருந்தியதாக வரலாறில்லை. போட்டியாளன் வழியில் நின்றுவிடும்படி விட்டுப் பெறும் வெற்றியை அவர் வெற்றியாகவே மதிக்கவில்லை. நம் பிள்ளைகள் பரீட்சைகளிலும் விளையாட்டுகளிலும் ஒருவரோடொருவர் போட்டியிடும் இந்நாளில், பெற்றோர் அவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தக்க கதை இது.

கராச்சி முதல் சென்னை வரை

அக்காலத்தில் இலண்டனிலிருந்து வரும் விமானத் தபால் கராச்சி வரையில்தான் வந்தது. அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் புகைவண்டியிலேயே அது செல்லவேண்டும். நெவில் வின்ஸெண்ட் என்னும் விமானி, அத்தபாலைச் சிறு விமானத்தில் ஏற்றிச்செல்லும் யோசனையொன்றை டாட்டாவிடம் கொணர்ந்தார். ஸ்தாபனத்தின் தலைவராயிருந்த ஸர் தோராப்ஜி டாட்டா முதலில் தயங்கினாராயினும், பின்னர் இரண்டு லக்ஷம் ரூபாய் முதலீட்டிற்கு இசைந்தார். அரசாங்கத்தார் மானியமொன்றும் தர உடன்படவில்லை. பல வருஷப் பேச்சின் பின்னரே ஒப்பந்தம் முடிந்தது.

1932ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 15ஆம் தேதி காலை, கராச்சி டிரிக் ரோடு விமான நிலயத்திலிருந்து பஸ் மாத் என்னும் சிறு விமானத்தை டாட்டா தாமே செலுத்திப் புறப்பட்டார். மணிக்கு ஏறத்தாழ நூறு மைல் வேகம். தபால் மூட்டையின் எடையோ ஐம்பத்தைந்து பவுண்டு மாத்திரமே. ஆமதாபாத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டார். அவ்வெண்ணெய்த் தகரங்கள் மாட்டுவண்டியிற் கொண்டுவரப்பட்டவை. பிற்பகலிற் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து வின்ஸெண்ட் அத்தபாலைப் பெற்றுக்கொண்டு, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்து சேர்த்தார். ஆகவே, இந்திய விமானப் போக்குவரவின் முதற் பாதையிலே எல்லையூராக விளங்கும் பெருமை நம் சென்னைக்கு உரியதாயிற்று.

அந்நாளைய ஸ்தாபனத்தின் எளிமையை நினைப்பின் வியப்பாகும். விமானங்கள் இரண்டே, விமானிகளும் யந்திரத் தொழிலாளரும் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஜூஹுவில் ஓலை வேய்ந்த கொட்டகையே காரியாலயம். அவ்விடம் கடலோரத்துச் சேற்றுநிலமாதலின், மழைக்காலத்தில் நீருள் மூழ்கும்; அப்பொழுது எல்லாவற்றையும் புனாவிற்கு மாற்றவேண்டும். இத்துணை இடையூறுகளுக்கிடையேயும் முதல் வருஷத்தில் 1,60,000 மைல் பறந்து, 155 பிரயாணிகளையும் பத்து டன்னுக்கு மேற்பட்ட தபாலையும் சுமந்து, 60,000 ரூபாய் ஆதாயமும் கண்டனர். தபால் தவறாது குறித்த நேரத்திற் சேர்ந்தது. அப்பிரயாணிகள் தபால் மூட்டைகளோடு நெருக்கமாக அமர்ந்து சென்றவர்கள். தனியொருவர் ஊர்தியாகிய மயிற்பொறி, பலர்க்கும் உதவும் புஷ்பகமாக மாறத் தொடங்கியது அவர்களைக் கொண்டே.

வளர்ச்சியும் சோதனையும்

1935ஆம் வருஷத்தில் பம்பாய்க்கும் திருவனந்தபுரத்திற்கும், 1938ஆம் வருஷத்திற் சென்னை, திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரையிலும் பாதைகள் நீண்டன. அவ்வருஷத்திலேயே, முப்பத்துநான்காம் வயதில், டாட்டா ஸ்தாபனங்கள் அனைத்திற்கும் இவர் தலைவரானார். உற்ற துணைவராகிய வின்ஸெண்ட் 1942ஆம் வருஷத்தில் யுத்தகாலப் பிரயாணமொன்றில் விமானத்தோடு மறைந்தார். 1946இல் டாட்டா விமான ஸ்தாபனம் ஏர் இந்தியா என்னும் பொதுக் கம்பெனியாயிற்று. 1948ஆம் வருஷம் ஜூன் மாதம் 8ஆம் தேதி, மலபார் பிரின்ஸஸ் என்னும் பெயர் தாங்கிய பெரு விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது.

ஐந்து வருஷத்திற்குள் பெருஞ்சோதனை வந்தது. 1953ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் விமானப் போக்குவரவு முழுவதும் அரசாங்கத்தின் உடைமையாயிற்று. டாட்டா இதனை ஒப்பவில்லை. தம் மனத்துயரை மறைக்கவுமில்லை. தாம் பெற்று வளர்த்த குழந்தையைப் பிறர் கையில் ஒப்புவிக்கும் தாயின் நிலை அவருடையது. ஆயினும், தலைமை வகிக்கும்படி அரசாங்கத்தார் வேண்டியபோது மறுத்திலர். இருபத்தைந்து வருஷகாலம் ஊதியமின்றி அத்தொண்டை ஆற்றினார். தாம் செய்யும் ஒவ்வொரு பிரயாணத்தின் பின்னும், தேநீரின் சுவை முதல் திரைச்சீலையின் நிறம்வரை கண்ட குறைகளைக் குறிப்பெழுதி அனுப்புவார். அழுக்குக் கண்டவிடத்துத் தாமே துடைத்தலும் உண்டு. சிறு விமானத்தில் ஓர் ஆணியையும் புறக்கணியாத பழக்கம், நூற்றுக்கணக்கானோர் ஏறும் பெரு விமானத்திலும் அவரை விட்டகலவில்லை.

1978ஆம் வருஷத்தில் அப்பதவியினின்று அரசாங்கத்தார் அவரை நீக்கினர். வேறொருவராயின் மனக்கசப்பிலேயே எஞ்சிய நாளைக் கழித்திருப்பர். அவர் செய்ததோ வேறு. முதற் பிரயாணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவாகிய 1982ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 15ஆம் தேதி, எழுபத்தெட்டு வயதில், லெப்பர்டு மாத் என்னும் பழைய ஒற்றை யந்திரச் சிறு விமானத்திலேறிக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியே செலுத்தி வந்தார். இளைஞர் உள்ளத்தில் ஊக்கத்தை எழுப்புவதே அதன் நோக்கம். 1992இல் பாரத ரத்னம் என்னும் உயரிய விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 1993ஆம் வருஷம் நவம்பர் மாதம் 29ஆம் தேதி ஜினீவா நகரில் ஆவி நீத்தார். அவர் தோற்றுவித்த விமான ஸ்தாபனம் 2022ஆம் வருஷம் ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுவினரிடம் வந்து சேர்ந்தது. அதனைக் காண அவர் இருந்திலர்.

சிறு விமானத்தின் குணமும் குறையும்

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். தனியார் சிறு விமானம் பொது விமானத்திற்கு மாற்றாகுமோ? அதன் குணங்கள் மறுக்கத்தக்கன அல்ல. புறப்படும் நேரத்தை நாமே குறிக்கலாம். பெரு விமானம் இறங்காத சிற்றூர் நிலயத்திலும் அது இறங்கும். வரிசையில் நின்று காத்திருத்தல் இல்லை. குறைகளும் சிறியன அல்ல. மேகமும் புயலும் அதற்குப் பெரும்பகை. சுமக்குமளவு சிறிது. பறந்தாலும் நின்றாலும் பரிசோதனைச் செலவு ஓயாது. டாட்டா ஏறத்தாழ ஏழு மணிநேரத்திற் கடந்த கராச்சி-பம்பாய்த் தூரத்தை இன்றைய பெரு விமானம் இரண்டு மணிநேரத்திற்குள் கடக்கும். நம் நாட்டில் பதினேழு வயது நிரம்பிய ஒருவர், நாற்பது மணிநேரமாவது பறந்து பரீட்சைகளில் தேறினாற் சொந்தமாகச் செலுத்தும் உரிமை பெறலாம். ஆயினும் அவ்வுரிமையைக் கொண்டு கூலிக்குப் பிறரை ஏற்றிச்செல்லல் ஆகாது. அதனைத் தொழிலாகக் கொள்வதற்கு இருநூறு மணிநேரப் பயிற்சி வேண்டும். அதற்காகும் செலவு ஒரு குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் விழுங்கத்தக்கது. ஆதலால், பிள்ளையை விமானியாக்க விரும்பும் பெற்றோர், அவனுடைய விருப்பம் எத்தகையது, பொறுமை எத்தகையது என்று முதலில் ஆராய்தல் வேண்டும். வானிற் பறக்கும் ஆசை பலருக்கு உண்டு. ஆணிகளை எண்ணும் பொறுமை சிலருக்கே உண்டு.

ஆகவே, பலருடைய பிரயாணத்திற்குச் சிறு விமானம் மாற்றாகாது. ஆயினும் அது பயனற்றதென்றல் பிழை. பெருந்தொண்டிற்கு அது பயிற்சிக்கூடமாகும் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. டாட்டா தம் செல்வத்தையும் ஆசையையும் தம் இன்பத்தோடு நிறுத்திக்கொண்டிருப்பின், அவர் பெயரை இன்று யார் அறிவர்? தாம் தனியே பெற்ற வானத்தை நாட்டினர் அனைவர்க்கும் திறந்துவிட்டமையாலன்றோ அவர் புகழ் நிலைத்தது! பொருளுடையோர் நம் வகுப்பிலும் உளர். கல்வியும் கைத்திறனும் உடைய இளைஞரும் உளர். தமக்குக் கிடைத்த வசதி எதுவாயினும், அதிற் பிறரும் ஏறி அமர இடமுண்டோ என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்பாராக.