ஹாக்கி வீரர் தியான்சந்த்

நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலம் அது. உலக அரங்கில் இந்தியருக்கெனத் தனிக் கொடி இல்லை. தனி நாட்டுப்பண்ணும் இல்லை. அக்காலத்திலும் ஒரு களத்தில் மட்டும் உலக நாடுகள் இந்தியாவை வியந்து நோக்கின. அதுவே ஒலிம்பிக் ஹாக்கிக் களம். அக்களத்தில் இந்தியாவின் பெயரை நிலைநாட்டியவர்களுள் தலைசிறந்தவர் தியான்சந்த். அவர் செல்வக் குடியிற் பிறந்தவர் அல்லர், கல்லூரியிற் பயின்றவரும் அல்லர், எளிய படைவீரர்.

தியான்சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தியான் சிங் என்பதே அவர்தம் இயற்பெயர். தந்தையார் இராணுவத்தில் பணி புரிந்தவர். பணியின் பொருட்டு அவர் ஊர் ஊராக மாற்றப்பட்டமையால், மைந்தரின் கல்வி ஆறாண்டுகளுடன் நின்றுவிட்டது. பின்னர் அக்குடும்பம் ஜான்சி நகரில் நிலையாகக் குடியேறியது. இளமையில் தியான் சிங்குக்கு மற்போரில் இருந்த விருப்பம் ஹாக்கியில் இல்லை. பிற்காலத்தில் உலகம் போற்றிய ஆட்டக்காரர், இளம் பருவத்தில் அவ்வாட்டத்தைப் பொருட்படுத்தாமல் இருந்தார் என்பது வியப்புக்கு உரியது.

1922ஆம் ஆண்டில் அவர் சிப்பாயாகப் படையிற் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்னும் சுபேதார் மேஜர் அவருக்கு ஹாக்கி ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்பித்தார். பகற்பொழுது படைப்பணியிற் கழிந்தது. பணி முடிந்த பின்னரே பயிற்சிக்கு நேரம் வாய்த்தது. அந்நாளில் ஆடுகளங்களில் மின்விளக்கு வசதி இல்லை. ஆகவே அவர் நிலவொளியை நாடி, மட்டையும் பந்துமாகத் தனித்துப் பயின்றார். அதனைக் கண்ட தோழர்கள், நிலவைக் குறிக்கும் ‘சந்த்’ என்னும் சொல்லை அவர் பெயருடன் சேர்த்து அழைத்தனர் என்பர். அப்பெயரே நிலைத்துவிட்டது.

1926ஆம் ஆண்டில் இந்தியப் படையின் ஹாக்கி அணி நியூசிலாந்து நாட்டுக்குச் சென்றது. அணியில் தியான்சந்தும் இடம் பெற்றார். அங்கு ஆடிய 21 ஆட்டங்களுள் 18 ஆட்டங்களில் அவ்வணி வென்றது. இரண்டு வெற்றி தோல்வியின்றி முடிந்தன. ஒன்றில் மட்டுமே தோல்வி நேர்ந்தது. அணி அடித்த 192 கோல்களுள் நூற்றுக்கு மேற்பட்டவை தியான்சந்த் அடித்தவை. நாடு திரும்பியதும் அவர் லான்ஸ் நாயக் பதவிக்கு உயர்த்தப்பட்டார்.

ஒலிம்பிக் பந்தயங்களில் ஹாக்கி முதன்முதலாக 1908ஆம் ஆண்டில் இலண்டன் நகரிற் சேர்க்கப்பட்டது. பின்னர் 1920ஆம் ஆண்டில் ஆண்ட்வெர்ப் நகரில் ஆடப்பெற்றது. 1924ஆம் ஆண்டின் பாரிசுப் பந்தயத்தில் ஹாக்கிக்கு இடம் அளிக்கப்படவில்லை. அவ்வாண்டிலேயே அனைத்துலக ஹாக்கிக் கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டில் இந்திய ஹாக்கிக் கழகம் அமைந்தது. 1928ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஹாக்கி மீண்டும் சேர்க்கப்பட்டபோது, இந்தியா முதன்முறையாக அக்களத்தில் இறங்கியது. சோட்டா நாகபுரிப் பழங்குடியில் தோன்றி, ஆக்ஸ்போர்டிற் பயின்ற ஜெய்பால் சிங் அவ்வணிக்குத் தலைவர்.

ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளை இந்தியா வரிசையாக வென்றது. இறுதி ஆட்டம் மே 26ஆம் நாள் நெதர்லாந்துடன் நிகழ இருந்தது. அந்நிலையில் நம் ஆட்டக்காரர் சிலர் நோயுற்றனர். தியான்சந்தும் உடல் நலம் குன்றியிருந்தார். எனினும், கடமையினின்று விலகுதல் படைவீரனுக்கு அழகன்று எனக் கருதிக் களம் புகுந்தார். இந்தியா மூன்று கோல்கள் அடித்து வென்றது. அப்பந்தயம் முழுவதிலும் இந்தியா அடித்தவை 29 கோல்கள். அவற்றுள் 14 தியான்சந்த் அடித்தவை. இந்தியாவுக்கு எதிராக எந்நாட்டாராலும் ஒரு கோலேனும் அடிக்க முடியவில்லை.

1932ஆம் ஆண்டின் பந்தயம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்றது. தியான்சந்தின் தம்பி ரூப் சிங்கும் அணியிற் சேர்ந்தார். கொழும்பிலிருந்து கப்பலேறிய வீரர்கள் பல வாரங்கள் கடலிற் பயணம் செய்து அமெரிக்கா அடைந்தனர். அங்கே ஜப்பானை 11-1 என்னும் கணக்கிலும், அமெரிக்காவை 24-1 என்னும் கணக்கிலும் வென்றனர். அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் ரூப் சிங் பத்துக் கோல்களும், தியான்சந்த் எட்டுக் கோல்களும் அடித்தனர். தம்பி தம்மினும் மிகுதியாக அடித்தது கண்டு தமையனார் மகிழ்ந்தார்.

1936ஆம் ஆண்டில் பெர்லின் நகருக்குச் சென்ற அணிக்குத் தியான்சந்தே தலைவரானார். படையில் அவர் வகித்த பதவி சிறியதே. ஆயினும் படித்தவரும் உயர்நிலையில் இருந்தவரும் அவர் தலைமையை மனமார ஏற்றனர். ஆனால் தொடக்கத்திலேயே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஜெர்மானியர் 4-1 என்னும் கணக்கில் இந்தியாவை வென்றுவிட்டனர். அன்றிரவு தலைவருக்கு உறக்கம் வரவில்லை. எனினும் அவர் மனம் தளரவில்லை. குறை எங்கே உள்ளது என ஆராய்ந்தார். தாரா என்னும் ஆட்டக்காரரை உடனே அனுப்புமாறு தாயகத்துக்குச் செய்தி சென்றது. அவர் விமானத்தில் விரைந்து வந்து, அரையிறுதி ஆட்டத்துக்கு முன் அணியுடன் சேர்ந்துகொண்டார். ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்சு ஆகிய நாடுகளை வென்ற இந்தியா, இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியையே மீண்டும் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகஸ்டு 14ஆம் நாள் நிகழ வேண்டிய ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. பழைய தோல்வியின் நினைவு வீரர் உள்ளங்களை அழுத்தியது. ஆட்டம் தொடங்குமுன் அணியின் துணை மேலாளர் பங்கஜ் குப்தா, தாம் மறைத்து வைத்திருந்த மூவண்ணக் கொடியை உடை மாற்றும் அறையில் எடுத்து விரித்தார். அது விடுதலை வேண்டிப் போராடிய காங்கிரசின் கொடி. ஆங்கில அரசு ஏற்காத கொடி. அரசின் படையில் ஊதியம் பெற்ற சிப்பாய்கள் அதனை வணங்குவது எளிய செயலன்று. எனினும் வீரர் அனைவரும் அக்கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களத்தில் இறங்கினர்.

களம் ஈரமாக இருந்தது. முற்பாதியில் இந்தியா ஒரு கோல் மட்டுமே அடித்தது. பிற்பாதியில் தியான்சந்த் ஆணி வைத்த காலணிகளைக் களைந்துவிட்டு, வழுக்காத ரப்பர்க் காலணிகளை அணிந்து ஆடினார். பந்து ஒருவர் மட்டையிலிருந்து மற்றொருவர் மட்டைக்கு மின்னல் எனப் பாய்ந்தது. முடிவில் இந்தியா 8-1 என்னும் கணக்கில் வெற்றி பெற்றது. அன்று ஆகஸ்டு 15ஆம் நாள். சரியாகப் பதினோராண்டுகள் கழித்து, அதே நாளில், நாடு விடுதலை பெற்றது. 1948ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் பிரிட்டனை 4-0 என இந்தியா வென்றபோது, அன்று ஓர் அறைக்குள் வணங்கப்பட்ட மூவண்ணம், உலகோர் காண வானில் உயர்ந்தது.

தியான்சந்தின் மட்டையில் பந்து ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றும். அதனால் அம்மட்டையில் காந்தம் உண்டு எனவும், பசை உண்டு எனவும் கதைகள் பரவின. உண்மையில் அவருடைய திறமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஓயாத பயிற்சி. மற்றொன்று, பந்தைத் தமக்கே உரியதாக வைத்துக்கொள்ளாத பண்பு. தம்மினும் நல்ல இடத்தில் தோழர் நிற்பாராயின், கோல் அடிக்கும் வாய்ப்பை அவருக்கே அளித்துவிடுவார்.

அவர் எழுதிய தன்வரலாறு ‘கோல்’ என்னும் பெயரில் 1952ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்தது. 1956ஆம் ஆண்டில் மேஜர் பதவியுடன் படையினின்று ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. பின்னர்ப் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சிக் கழகத்தில் இளைஞர்களுக்கு ஹாக்கி கற்பித்தார். 1975ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், அவர் மைந்தர் அசோக் குமார் அடித்த கோலே இந்தியாவுக்கு வெற்றி தந்தது. தியான்சந்த் 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் டில்லியில் மறைந்தார். அவரது உடல் ஜான்சி நகரில், அவர் ஆடிப் பழகிய மண்ணிலேயே எரியூட்டப்பட்டது.

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பெற்ற எட்டுத் தங்கப் பதக்கங்களுள் முதல் மூன்று அவர் ஆடிப் பெற்றுத் தந்தவை. அவர் பிறந்த நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருது 2021ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நிலவொளியில் தனித்துப் பயின்ற சிப்பாய் ஒருவர், தாம் பெற்ற திறமையைத் தோழருக்கும் நாட்டுக்கும் உரிமையாக்கினார். அதனாலேயே அவர் புகழ் இன்றும் மங்காது விளங்குகின்றது.