கோல் வாசலில் நின்ற தங்கராஜ்



சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நம் பிள்ளைகள் பந்து ஆடுவதைப் பால்கனியில் நின்று பார்த்திருப்பீர்கள். அணி பிரிக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரே சண்டைதான். எல்லோருக்கும் கோல் போட வேண்டும். கோல் கீப்பராக நிற்க மட்டும் யாரும் வர மாட்டார்கள். கடைசியில் இருப்பதிலேயே சின்னப் பையனையோ, ஓட முடியாதவனையோ இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்திவிடுவார்கள். கோல் விழுந்தால் திட்டும் அவனுக்குத்தான்.

அப்படி யாரும் விரும்பாத இடத்தில் நின்றே ஆசியாவில் பெயர் வாங்கிய ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் பீட்டர் தங்கராஜ். மைதான் என்ற இந்திப் படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம். மற்றவர்கள் பெயரைக் கேட்டதும் நம்மூர்ப் பக்கத்து ஆள்போல இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நம் பக்கத்தோடு அவருக்கு நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு.

தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத்தில், 1935 டிசம்பர் 24 அன்று. அந்தக் காலத்தில் ஹைதராபாத்தும் செகந்திராபாத்தும் கால்பந்துக்குப் பேர்போன ஊர்கள். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி நாட்டையே கலக்கிக்கொண்டிருந்தது. செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய கிளப்புகளில் தங்கராஜ் ஆடப் பழகினார்.

1953ல் ராணுவத்தில் சேர்ந்தார். அவர் வந்து சேர்ந்த இடம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். நாம் ஊட்டிக்குப் போகும்போது மேட்டுப்பாளையம், பர்லியார் தாண்டி, குன்னூர் கடந்ததும் வருமே, அதே வெலிங்டன்தான். சிங்காநல்லூரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த மலையில்தான் அவருடைய ஆட்டம் உருப்பெற்றது.

ஆரம்பத்தில் அவர் கோல் கீப்பர் இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்வரிசையில் நின்று கோல் அடிக்கும் சென்டர் பார்வர்டு அவர். அதை விட்டுத்தான் கோல் வாசலுக்கு வந்தார். கைதட்டல் வாங்கும் இடத்திலிருந்து திட்டு வாங்கும் இடத்துக்கு மாறுவது எந்த இளைஞனுக்கும் எளிதல்ல. ஆனால் அந்த மாற்றம்தான் அவருடைய வாழ்க்கையையே திருப்பியது.

ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கைகள். கார்னரிலிருந்து தூக்கி அடிக்கும் பந்தை, எதிரணிக்காரன் தலை எட்டுவதற்கு முன்பே கையில் எடுத்துவிடுவதற்கு அந்த உயரம் உதவியது. இன்று டிவியில் பார்க்கிற தடித்த கையுறை அன்றைய கீப்பர்களுக்குப் பழக்கமில்லை. தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லுபோலக் கனக்கும். அதைப் பெரும்பாலும் வெறும் கையால்தான் பிடித்தார்கள்.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் மைய அணி 1955ல் டூரண்ட் கோப்பையை வென்றது, 1958ல் மறுபடியும் வென்றது. நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி அது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் மோதும் அந்தக் களத்தில், நம் மலையிலிருந்து போன சிப்பாய்கள் இரண்டு முறை கோப்பையோடு திரும்பினார்கள். பிறகு 1960ல் சர்வீசஸ் அணி முதல் முறையாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் தங்கராஜ்தான்.

இனி கடல் கடந்த கதைக்கு வருவோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் அவருக்கு இடம் கிடைத்தபோது வயது 20. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். அந்த அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்து, கடைசியில் நான்காம் இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இன்றுவரை நமக்கு அதைவிடப் பெரிய வெற்றி இல்லை. 1958 டோக்கியோ ஆசியப் போட்டியிலும் இந்தியாவுக்கு நான்காம் இடம். அதே ஆண்டில் ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்ற பெயர் தங்கராஜுக்குக் கிடைத்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் நமக்கு வாய்த்தது கடினமான பிரிவு. ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றோம். அந்த ஹங்கேரி பின்னர் வெண்கலம் வாங்கியது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தோம். பெருவிடம் 3-1 தோல்வி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஹங்கேரி போன்ற அணியோடு ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் ஆட்டம் முடிகிறது என்றால், பின்னால் நின்றவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கம் போகவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலான நாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டம், எதிரில் தென் கொரியா. முதல் ஆட்டத்திலேயே நம்மை 2-0 என்று தோற்கடித்த அணி அது. அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். காரணம் கால்பந்து இல்லை. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காமல் நடத்தும் போட்டிக்கு ஆசியப் போட்டி என்ற பெயர் பொருந்தாது என்று நம் நாட்டு விளையாட்டு நிர்வாகி சோந்தி ஆட்சேபம் தெரிவித்திருந்தார். அந்தக் கோபம் முழுவதும் வீரர்கள் மேல் திரும்பியது.

அணியின் நிலையும் நன்றாக இல்லை. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. தங்கராஜுக்குக் காய்ச்சல் கண்டிருந்ததால், இடையில் பிரத்யுத் பர்மன் கோல் வாசலில் நின்று ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்திருந்தார். பயிற்சியாளர் ரஹீமின் உடம்பை அப்போதே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜைத்தான் இறக்கினார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பர்மனை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலிலிருந்து எழுந்தவரை நிறுத்துவது சின்ன முடிவில்லை. இன்றுபோல ஆட்டத்தின் நடுவில் தாராளமாக ஆள் மாற்றும் வழக்கம் அன்று இல்லை. அவர் தளர்ந்தால் தளர்ந்ததுதான். அந்த நம்பிக்கையின் பாரம் தங்கராஜின் தோளில் இருந்தது.

முதல் 20 நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, தையல் போட்ட தலையோடு முன்வரிசைக்கு வந்த ஜர்னைல் சிங் ஒன்று, ஆக இரண்டு கோல். மிச்சம் 70 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். கொரியர்கள் விடாமல் வந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில்தான் அவர்களால் ஒரு கோல் போட முடிந்தது. 2-1. தங்கம் நமக்கு. ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக வாங்கிய தங்கம் அதுதான். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ரஹீம் காலமானார்.

1964ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அந்த அணியிலும் தங்கராஜ் இருந்தார். உள்ளூரிலோ அவர் ஆடாத பெரிய கிளப் இல்லை என்றே சொல்லலாம். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். ஒன்றுக்கு ஆடியவரை மற்றதன் ரசிகர் மன்னிக்காத ஊர் அது. அங்கே மூவரிடமும் மரியாதை சம்பாதிப்பது சாதாரணமில்லை. 1967ல் அர்ஜுனா விருது வந்தது.

1970களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்ற பிறகு அவர் மைதானத்தை விடவில்லை. பயிற்சியாளராகப் பல ஊர்கள் சுற்றி, கடைசியில் உருக்காலை நகரமான போகாரோவில் தங்கி இளைஞர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே காலமானார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் 73 வயது நிறைந்திருக்கும்.

இவ்வளவு செய்தவரை நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐரோப்பியக் கீப்பர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் தங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத் தொலைவில் பந்து பிடித்துப் பழகிய ஒருவர் ஒரு லட்சம் பேரின் கூச்சலுக்கு நடுவில் நின்றார் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாம் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகும்போது, வெலிங்டன் வந்ததும் பின்சீட்டில் உள்ள பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சாயங்காலம் செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தப்பட்டு முகம் வாடி நிற்கும் அந்தச் சின்னப் பையனிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.