ஹாரோ பள்ளியில் நேரு

பாரதத்தின் முதற் பிரதமராய் விளங்கிய நேரு மாமாவை நாம் அறிவோம். 1905ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், அவர் இங்கிலாந்திலுள்ள ஹாரோ என்னும் ஆண்கள் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். சில மாதங்களில் பெற்றோர் தாயகம் திரும்பினர். அந்நியர் நடுவே முதன்முறையாகத் தனித்து விடப்பட்ட அவர் வீட்டை எண்ணி ஏங்கினார். பள்ளி விட்டதும் அன்னையிடம் ஓடும் நமக்கு அவ்வேக்கம் எளிதில் விளங்காது.

இலத்தீன் மொழி அதிகம் கல்லாததால் கீழ்வகுப்பில் அமர்த்தப்பட்டார். ஆயினும் உலக நடப்பை விடாது கவனித்தார். இங்கிலாந்தில் புதிய அரசு அமைந்தபோது, அமைச்சர்களின் பெயர்களை ஏறக்குறைய முழுமையாக வகுப்பில் கூறியவர் இந்த இந்திய மாணவரே! நன்கு பயின்றமைக்கு இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியைப் பற்றிய நூல் பரிசாகக் கிடைத்தது. தம் நாட்டிலும் அத்தகைய போராட்டம் நிகழ்வதாக அவர் கனவு கண்டார்.

1907இல் கேம்பிரிட்ஜ் செல்லும்பொருட்டுப் பள்ளியைப் பிரிந்தபோது, அவர் கண்கள் கலங்கின.