எண்களோடு வாழ்ந்த இராமானுஜன்

ஈரோட்டிலே, தம் தாயார் பிறந்த இல்லத்தில், 1887 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22 ஆம் நாள் சீனிவாச இராமானுஜன் தோன்றினார். தந்தையார் கும்பகோணத்துப் புடைவைக் கடையொன்றிற் கணக்கெழுதியவர். பள்ளியிற் பரிசில்கள் பல பெற்ற இம்மாணாக்கர் கைக்கு, 1903 இல் கார் என்பார் இயற்றிய கணிதத் தொகுப்பு நூலொன்று வந்து சேர்ந்தது. அன்று தொட்டு அவருள்ளம் கணிதமன்றிப் பிறிதொன்றை நாடவில்லை. அதனால் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பெற்ற உதவிப்பணத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் எப். ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினாரல்லர்.

பட்டமின்றி அலைந்த இளைஞரின் குறிப்பேடுகளைக் கண்ட நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், மாதந்தோறும் 25 ரூபா தம் கைப்பொருளிலிருந்து ஈந்தார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞர் பதவி கிடைத்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதியனுப்பினார். அவற்றின் அருமையுணர்ந்து ஹார்டி அழைக்க, 1914 மார்ச்சிற் கப்பலேறினார்.

ஆங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றை எம் இளைய மாணாக்கரும் எளிதில் உணர்வர். 12 என்னும் எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் உள. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு இல்லை. இவ்வாறு தன்னிற் சிறியனவற்றையெல்லாம் காரணித் தொகையால் விஞ்சும் எண்களைப் பற்றி 1915 இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதன் அட்டவணையில் இறுதியாக நிற்பது 6,746,328,388,800. இரண்டினை ஆறு முறையும், மூன்றினை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 என்பவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் வரும். இதற்குக் காரணிகள் 10,080. முதன்மை எண்கள் பெரியனவாக ஆக, அவற்றின் அடுக்குகள் ஏறாதிருத்தல் இவ்வகை எண்களின் இயல்பு.

அவ்வட்டவணையில் 293,318,625,600 என்னும் ஓரெண் விடுபட்டுப் போயிற்று. இறுதியெண்ணை 23 ஆல் வகுத்தால் ஈவாக வருவது அதுவே; மாணாக்கர் வகுத்துப் பார்ப்பாராக. இவ்வொன்றால் ஆராய்ச்சியின் பெருமை குன்றவில்லை. அதற்காகவே 1916 இல் கேம்பிரிட்ஜ் பட்டமளித்தது. 1918 இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினருமானார். அச்சிடும் செலவுக்குப் பணம் போதாமையால் அன்று விடப்பட்ட கட்டுரைப் பகுதி 1997 இல் வெளிவந்தது.

அதனைக் காண அவர் இருந்திலர். நோயுற்று 1919 இல் தாயகம் மீண்டு, 1920 ஏப்பிரல் 26 ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதிற் சென்னையில் மறைந்தார்.

பரீட்சையில் அவர் தவறியது மெய்யே. புள்ளியிட்டோர் பிழை செய்தாரல்லர். ஆயினும் அப்புள்ளிகள் காட்டாததைக் குறிப்பேடுகள் காட்டின. அவற்றைப் புரட்டிப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. பம்பலப்பிட்டியில் எம் வகுப்பறைகளிலும் ஒரு பாடத்தில் ஓங்கி, ஏனையவற்றிற் பின்தங்கும் பிள்ளைகள் உளர். அவர்தம் ஏடுகளைப் பொறுமையுடன் பார்த்தல் ஆசிரியராகிய எம் கடன். அந்த 25 ரூபாவை நினைவிற் கொள்ளுதல் பழைய மாணவராகிய அன்பர்தம் கடனாகும்.